வாய் வராத பதில்

பேத்தியின் தாத்தாவுக்கு வணக்கம். நான் நலம். உங்கள் முட்டிவலி தேவலையா?

வெளிநாட்டு ஆட்களுக்கு இங்கே வைக்கும் இங்கிலீஷ் பேச்சுப் பரீட்சையில் தேறிவிட்டேன். இனி இந்த விடுதிச் சமையல் வேலையை விட்டு என்னை அனுப்ப மாட்டார்கள். அஞ்சாங்கிளாஸ்காரியை என்னவென்று நினைத்தீர்கள்?

‘நாட்’ வந்தால் அதே வாக்கியத்தில் ‘நோபடி’, ‘நத்திங்’ கூடாது, ‘எனிபடி’, ‘எனிதிங்’தான் என்று பேத்தி போனிலேயே உருப்போட வைத்திருந்தாள். “ரெண்டு தடவை இல்லைன்னு சொன்னா இருக்குன்னு ஆயிடும் பாட்டி” என்பாள்.

பரீட்சைக்கார அம்மா, “உங்களுக்கு இங்க யார் இருக்காங்க? ‘நாட்’ போட்டுச் சொல்லுங்க” என்று இங்கிலீஷில் கேட்டார். பதில் நாக்கு நுனியில் நின்றது, வாய்தான் வரவில்லை. ஊரில் நீங்கள் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது, இங்கே என்றாலும் யாரும் இல்லை என்று எப்படிச் சொல்வேன்?

“தெரியலையா?” என்று பேனாவை எடுத்தார். சட்டென்று, “ஐ டோன்ட் நீட் எனிதிங்” என்றேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று அர்த்தம். இதிலும் ‘நாட்’ சரியாகத்தான் இருக்கிறது என்று அவர் சிரித்துவிட்டு பாஸ் போட்டார்.

ஒன்றும் வேண்டாம் என்றது அவரிடம்தான். நீங்கள் தோளில் போடும் துண்டு ஒன்றை அனுப்பிவையுங்கள், சூட்டுச் சட்டி இறக்க வேண்டும். துவைத்துவிடாதீர்கள், பழைய துண்டு, கிழிந்துவிடும்.

உலை பொங்குகிறது, ஓடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரி