தொடக்க ஆட்டத்தில் கன்னியம்மாவும் ஜெஸ்ஸியும் மோதுவது குறித்து

அனுப்புநர்:
கு. ஜெபகுமார்,
தொழில்நுட்பர்,
அணுமின் நிலைய ஊழியர் குடியிருப்பு,
கல்பாக்கம்.

பெறுநர்:
உயர்திரு. பக்தவத்சலம் அவர்கள்,
செயலாளர், போட்டி அமைப்புக் குழு,
மாநில மேல்நிலைப் பள்ளி மகளிர் கூடைப்பந்துப் போட்டி,
செங்கல்பட்டு.

பொருள்: பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடைபெறவுள்ள போட்டி – தொடக்க ஆட்டத்தை மாற்றி அமைக்கவும், இயலாதெனில் தேர்வாளர்களை முதல் நாளே வரவழைக்கவும் கோருதல் – தொடர்பாக.

பார்வை: தங்கள் குழு வெளியிட்ட ஆட்ட அட்டவணை.

மதிப்பிற்குரிய செயலாளர் ஐயா அவர்களுக்கு வணக்கம்.

1. என் மகள் ஜெஸ்ஸி இங்குள்ள நகரியப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளிக் கூடைப்பந்து அணியின் தலைவி. இதைப் படித்ததுமே, தகப்பன் தன் பிள்ளைக்குச் சலுகை கேட்டு எழுதிய மனு என்று தாங்கள் முடிவுகட்டி, இதை மற்றக் காகிதங்களின் அடியில் செருகிவிடக்கூடும். அருள்கூர்ந்து அவ்வாறு செய்ய வேண்டாம். நான் கேட்பது எதிரணிப் பெண் ஒருத்திக்காக.

2. அந்தப் பெண்ணின் பெயர் கன்னியம்மா. எங்கள் நகரியத்துக்கு வெளியே உள்ள அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளி அணியின் தலைவி. அவளும் பன்னிரண்டாம் வகுப்புதான். அவள் பள்ளியில் கோர்ட் கிடையாது. மணல் மைதானத்தில் ஓர் இரும்புக் கம்பமும் அதன் தலையில் ஒரு வளையமும் இருக்கின்றன. பின்னால் பலகை இல்லை. மற்றப் பிள்ளைகள் பந்தைப் பலகையில் அடித்து வளையத்துக்குள் விழவைப்பார்கள். இவள் பலகையே இல்லாமல் பழகியவள். கடற்காற்று வேறு பந்தை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்தக் காற்றில் தூரத்திலிருந்து எறிந்து, வளையத்தின் நடுவில் இறக்குவாள். எங்கள் நகரியத்தில் அவள் ஆடியதை முதல் தடவை பார்த்தபோது நான் வாய்விட்டு "ஏ அப்பா!" என்று கத்திவிட்டேன். பக்கத்தில் என் மேலதிகாரி நின்றிருந்தார்.

3. இரு பள்ளி ஆசிரியைகளும் பேசி ஏற்பாடு செய்ததன் பேரில், மூன்று ஆண்டுகளாக இரண்டு அணிகளும் எங்கள் நகரிய கோர்ட்டில் சேர்ந்தே பயிற்சி செய்துவந்தன. அரசுப் பள்ளிப் பெண்கள் மாலையில் சைக்கிளில் வருவார்கள். வாயில் காவலர் பெயரைக்கூடக் கேட்பதில்லை. இரு அணிகளையும் கலந்து போட்டுப் பிரித்து ஆடுவார்கள். மோதிப் பார்க்க இப்பக்கம் வேறு அணியே இல்லாததால், ஒருவருக்கொருவர் எதிரி, ஒருவருக்கொருவர் ஆசிரியர். இந்தச் சேர்க்கையில் என் மகள் "இன்னா", "வூடு" என்று பேசத் தொடங்கிவிட்டாள் என்று என் மனைவிக்குக் குறை உண்டு. எனக்கு இல்லை. போட்டி நடத்தும் மாவட்டம் என்பதால் நமக்கு இரண்டு அணிகள் என்று தாங்கள் அறிவித்த அன்று, இரண்டு அணியும் போகிறதென்று அந்த கோர்ட்டில் அவர்கள் போட்ட கூச்சல் எங்கள் குடியிருப்பு முழுவதும் கேட்டது.

4. பிறகு தங்கள் அட்டவணை வந்தது. பதினாறு அணிகள், தோற்றால் வெளியே. முதல் நாள், முதல் ஆட்டம், நகரியப் பள்ளிக்கும் அரசுப் பள்ளிக்கும். ஒரே மாவட்டத்து அணிகளை எதிரெதிர்ப் பாதியில் போடுவது இத்தகைய போட்டிகளில் வழக்கமாயிற்றே என்று தங்கள் குழு உறுப்பினர் ஒருவரிடம் தொலைபேசியில் கேட்டேன். அவர் எதையும் மறைக்கவில்லை. "சார், வெளியூர் டீமை மொதல்ல வுட்டா கேலரி காலியா கீது. நம்மூர் பொண்ணுங்க ஆட்னாத்தான் ஜனம் வரும். சீஃப் கெஸ்ட் வந்து குந்திகினு காலி பெஞ்சைப் பாக்கறதா? தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவருடைய நேர்மையை மெச்சுகிறேன். ஆனால் சிறப்பு விருந்தினரின் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று இரண்டு பெண்களில் ஒருத்தியை முதல் நாளே வீட்டுக்கு அனுப்புவது எந்த ஊர் நியாயம் என்றும் அவரிடம் கேட்டேன். அவர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

5. கேலரி நிறைய வேண்டும் என்பதில் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அதற்கு வேறு ஆட்டங்கள் இருக்கின்றன. வரவிருக்கும் அணிகளில் சிலவற்றைச் சென்ற ஆண்டு திருச்சியில் நடந்த இதே போட்டிக்கு விடுப்புப் போட்டுச் சென்று பார்த்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன். கோவைப் பெண்கள் நெட்டை. பந்து மேலே போனால் அவர்களுக்குத்தான், ஆனால் திரும்பி ஓட நேரம் பிடிக்கிறது. தூத்துக்குடி அணியில் பந்து யார் கையிலும் நிற்பதில்லை. பார்க்கிற நமக்கே கழுத்து வலிக்கும். சென்னை அணிக்குக் கோப்பையை இப்போதே கட்டிக் கொடுத்துவிடலாம் என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. முதல் பாதியில் பின்தங்கினால் தங்களுக்குள்ளேயே சண்டை போடுகிற பிள்ளைகள் அவர்கள். கோவையும் தூத்துக்குடியும் தொடக்க ஆட்டம் ஆடினால், செங்கல்பட்டுக்காரர்கள் மரத்தில் ஏறியாவது பார்ப்பார்கள். நம் பெண்கள் எதிரெதிர்ப் பாதியில் இருந்து அரையிறுதி வரை வந்துவிட்டால், தாங்கள் கேலரிக்குக் கயிறு கட்ட வேண்டியிருக்கும். இரண்டு அணிக்கும் அந்தத் தகுதி உண்டு.

6. இனி, முக்கியமான செய்தி. விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரி இடமும் விடுதியும் தருவதற்கு வீராங்கனைகளைத் தேர்வு செய்பவர்கள் மூன்றாம் நாள், அதாவது காலிறுதி முதல்தான் வருவார்கள் என்று தங்கள் சுற்றறிக்கை சொல்கிறது. முதல் நாள் தோற்றவளை அவர்கள் பார்க்கவே மாட்டார்கள். கன்னியம்மாவுக்கு இது கடைசி ஆண்டு. அவள் தாயார் பாப்பா என்பவர் கடற்கரைச் சாலையில் இறால் பதப்படுத்தும் கம்பெனியில் வேலை செய்கிறார். நாள் முழுவதும் ஐஸ் தண்ணீரில் கை. பரீட்சை முடிந்ததும் மகளை அழைத்துவரும்படி மேஸ்திரி இப்போதே சொல்லிவைத்திருக்கிறார். "மூணு வேளை சோறு போட்டு எவனாவது படிக்க வெச்சா ஏன் சார் அங்க இஸ்துகினு போறேன்? என் கையைப் பாருங்க சார், இதுவா அவளுக்கு?" என்று அந்த அம்மாள் என்னிடம் கேட்டார். எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன.

7. இன்னொன்றும் தாங்கள் அறிய வேண்டும். வரவிருக்கும் அணிகளில் கன்னியம்மாவைத் தடுக்கத் தெரிந்த ஆட்டக்காரி ஒருத்திதான். கன்னியம்மா எந்தக் காலை ஊன்றி எழும்புவாள், எப்போது பந்தை விடுவாள் என்பதெல்லாம் மூன்று ஆண்டு கூடவே ஆடியவளுக்கு மனப்பாடம். அந்த ஒருத்தி என் மகள். அவளைக் கொண்டுபோய் முதல் ஆட்டத்திலேயே இவளுக்கு எதிரே நிறுத்தியிருக்கிறீர்கள். மற்ற எந்த அணியோடு ஆடினாலும் கன்னியம்மாவின் ஆட்டம் முழுதாக வெளிப்பட்டிருக்கும்.

8. அட்டவணை வந்ததிலிருந்து கூட்டுப் பயிற்சி நின்றுபோனது. எதிரணி முன்னால் ஆட்டத்தைக் காட்டக் கூடாது என்று எங்கள் பள்ளியில் முடிவெடுத்தார்கள். விஷயம் தெரியாமல் சைக்கிளில் வந்த பெண்களை வாயில் காவலர் திருப்பி அனுப்பினார். பலகையில் பட்டு வரும் பந்தைப் பிடித்துப் பழக வேண்டிய இந்த நேரத்தில் அவர்கள் மறுபடி மணலில் கிடக்கிறார்கள். தங்கள் அட்டவணை, போட்டி தொடங்கும் முன்பே ஓர் அணியைப் பாதி தோற்கடித்துவிட்டது.

9. எங்கள் குடியிருப்பில் நல்லெண்ணம் படைத்த சிலர், "ஜெஸ்ஸி கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஆடட்டுமே, புண்ணியமாகப் போகும்" என்றார்கள். என் மகள் காதில் அது விழுந்துவிட்டது. சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தாள். "நான் வுட்டுக் குடுத்தா அவளுக்குத் தெரியாதா? ஜென்மத்துக்கும் என்னாண்ட பேசமாட்டா. அவ இன்னா பிச்சையா கேட்டா?" என்றாள். அன்று அவளுடைய பேச்சு வழக்கை என் மனைவி திருத்தவில்லை.

10. எனவே தங்களிடம் நான் பணிந்து கேட்பது: இரு அணிகளையும் எதிரெதிர்ப் பாதியில் போட்டு அட்டவணையைத் திருத்துங்கள். அழைப்பிதழ் அச்சாகிவிட்டது, முடியாது என்பீர்களானால், தேர்வாளர்களை முதல் நாளே வரச்செய்யுங்கள். சிறப்பு விருந்தினர் அருகிலேயே நாலு நாற்காலி போடுங்கள். நாற்காலியை நானே தூக்கிவந்து போடவும் தயார்.

11. இம்மனுவில் இரு அணிப் பெண்களும் கையொப்பமிட்டுள்ளனர். கன்னியம்மா மட்டும் இடவில்லை. அவள் வீட்டுக்கே போய்க் கேட்டேன். "இன்னாத்துக்கு அங்கிள் மாத்தணும்? நாங்கதான ஜெயிக்கப் போறோம். உங்க பொண்ணுதான் மொத நாளே வூட்டுக்கு வரப்போவுது, அதுக்கு இன்னா பண்றதுன்னு பாருங்க" என்று சிரித்தாள். அவள் சொன்னபடியே நடக்கலாம். நடந்தால் என் மகள் இரண்டு நாள் அழுவாள். பிறகு நுழைவுத் தேர்வுக்குப் படிக்க உட்காருவாள். அவளுக்கு என் சம்பளம் இருக்கிறது. நடக்காவிட்டால், இப்படிச் சிரித்த இந்தப் பெண் ஏப்ரல் மாதம் ஐஸ் தண்ணீரில் கை வைப்பாள். அவளைத் தோற்கடித்தவள் என் மகளாக இருப்பாள். தோழியைத் தோற்கடிக்க என் மகளுக்கு முழு உரிமை உண்டு, ஐயா. அவள் வயிற்றில் அடிக்கும் பாவத்தை மட்டும் என் பிள்ளை கையில் கொடுத்துவிடாதீர்கள்.

இடம்: கல்பாக்கம்
நாள்: 18.01.2002

முதல் நாள் கேலரியில் எந்தப் பக்கம் உட்காருவது என்று இன்னும் தெரியாத,
(ஒப்பம்) கு. ஜெபகுமார்