மடியில் இரண்டு ரிமோட்

மார்ச் 4

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

நலம்தானே? உங்களிடம் போனில் பேசினால் என்னிடம் பேச மாட்டேன் என்று உங்கள் மனைவி சொல்லியிருக்கிறாள். கடிதத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அது அவளுக்கு ஞாபகம் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

இரண்டு பெட்டியோடு இங்கே வந்து இறங்கியவள், மூன்றாவதாக உங்கள் வீடியோ கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தாள். தன் போனஸில் வாங்கியது என்றாள். டிவிக்குக் கீழே வைத்ததோடு சரி, அந்தப் பக்கம் திரும்புவதே இல்லை. எனக்கு மருந்துக்கடையில் மதியத்தோடு வேலை முடிகிறது. அவள் ஆபீஸிலிருந்து வர ஆறு மணி. நடுவில் வீட்டில் நானும் அந்தப் பெட்டியும்தான். எத்தனை நாள்தான் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு இருப்பது? தூசி துடைக்கத்தான் போனேன். நீங்கள் நம்புவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை.

இப்போது அதிலுள்ள ஒரு ஆட்டத்தில், ஆளில்லாத சாம்பல் நிற வீடு ஒன்றுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். நாலு கடிகாரம் பதித்த ஒரு கதவு, என்ன செய்தாலும் திறக்க மாட்டேன் என்கிறது. கடையில் நிற்கும்போதும் அதே நினைப்பு. நேற்று ஒருவரிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு, "மூன்றரை மணிக்குத் திறந்துவிடும்" என்று சொல்லியிருக்கிறேன். மலச்சிக்கலுக்கு மருந்து வாங்க வந்தவர். சந்தோஷமாகப் போனார்.

விடையைச் சொல்ல வேண்டாம். ஜாடை காட்டினால் போதும்.

இப்படிக்கு,
கதவுக்கு வெளியே நிற்கும்
அத்தை


மார்ச் 11

அன்புள்ள அத்தைக்கு,

வணக்கம். நலம். கடிதம் வந்ததைப் பார்த்து எங்கள் கட்டட வாட்ச்மேன், யாருக்கு என்ன ஆயிற்று என்று கேட்டார். அத்தை கேம் ஆடுகிறார்கள் என்றேன்.

கடிகாரங்களை விட்டுவிடுங்கள். தரையில் விழும் நிழலைப் பாருங்கள்.

அது நேர்மையான ஆட்டம் அத்தை. வேண்டியதெல்லாம் அதே அறையில் இருக்கும். நான் பழுதுபார்க்கிற லிஃப்ட் மாதிரிதான்: நின்றால் காரணம் இருக்கும், தேடினால் கிடைக்கும். அதே பெட்டியில் மழை ஆட்டம் ஒன்று இருக்கிறது, உங்கள் மகள் வாங்கியது. அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். மழை பெய்யும், ஒருவன் நடப்பான், அவ்வளவுதான்.

ஒரு வேண்டுகோள். இரண்டு பேர் சேர்ந்து ஆடுகிற தீவு ஆட்டத்தை மட்டும் திறக்க வேண்டாம். தூக்குப்பாலத்துக்கு முன்னால் நானும் அவளும் நிற்கிறோம். அதற்கப்புறம் நாங்கள் ஆடவில்லை. அந்த இடம் அப்படியே இருக்கட்டும்.

அவள் எப்படி இருக்கிறாள்?

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கதவு திறந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் மாடி வீட்டுக்காரி ஓடி வந்துவிட்டாள். லாட்டரி விழுந்ததா என்றாள். நிழல் விழுந்தது என்றேன். இந்நேரம் தெருவுக்கே எனக்கு மூளை கலங்கிய செய்தி போயிருக்கும். போகட்டும், போன மாதம் அவளுடைய தைராய்டு செய்தி என் மூலமாகத்தான் போனது.

அடுத்து அந்தக் கத்தி வைத்த பையனின் சாகச ஆட்டத்தை ஆடிப் பார்த்தேன். உலகத்தைக் காப்பாற்றக் கிளம்பினவன், போகிற வீட்டிலெல்லாம் பீரோவைத் திறந்து பார்க்கிறான். கிடைத்ததைப் பையில் போட்டுக்கொள்கிறான். வீட்டுக்காரர்களோ, நாளைக்கு மழை வரும் என்று பேசிக்கொண்டிருக்கிறார்கள். என் நாத்தனார் வந்துபோகிற மாதிரியே இருந்தது. பாதியில் நிறுத்திவிட்டேன்.

நீங்கள் வேண்டாம் என்ற மழை ஆட்டத்தையும் ஆடினேன். நீங்கள் சொன்னது உண்மைதான், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பஸ் ஸ்டாப், ஒரு பெஞ்சு, குடை வைத்துக்கொண்டு ஒரு பெண். பக்கத்தில் போய் உட்காரலாம். பேச வழியில்லை. உட்கார்ந்தேன். டீ ஆறிவிட்டது, எழுந்திருக்கத் தோன்றவில்லை. வாயை மூடிக்கொண்டு நான் இவ்வளவு நேரம் யார் பக்கத்திலும் உட்கார்ந்ததில்லை. உங்கள் மாமனாருக்கு இந்தச் செய்தியைச் சொல்ல அவர் உயிரோடு இல்லை.

இப்போது நல்லதில்லாத செய்தி. ஏப்ரல் முதல் திங்கட்கிழமை வக்கீலைப் பார்க்கப் போகிறாள். அப்படி அவர் என்னதான் செய்தார் என்று கேட்டேன். "வேலை போன அன்னிக்கு அழுதுட்டு இருந்தேம்மா. அவர் லேப்டாப்பைத் திறந்து எனக்கு வேற வேலை தேட ஆரம்பிச்சுட்டார்" என்றாள். நல்லதுதானே செய்தார் என்று வாய் வரை வந்தது, விழுங்கிவிட்டேன். அன்று நீங்கள் தேடிக் கொடுத்த வேலைக்குத்தான் இப்போது போய்வருகிறாள் என்பது எனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும். அதனால் கோபம் இன்னும் ஜாஸ்தி.

எனக்கு ஒரு சந்தேகம். லிஃப்ட் நடுவில் நின்று உள்ளே ஆள் மாட்டிக்கொண்டால், நீங்கள் போனதும் முதலில் என்ன செய்வீர்கள்? சும்மா தெரிந்துகொள்ளத்தான்.

இப்படிக்கு,
அத்தை


மார்ச் 25

அன்புள்ள அத்தைக்கு,

கேட்டிருந்தீர்கள். எங்கள் கம்பெனியில் அதற்கு ஒரு விதி இருக்கிறது. போனதும் கருவிப்பையைத் திறக்கக் கூடாது. முதலில் கதவைத் தட்ட வேண்டும். "நான் வந்துட்டேன், இங்கதான் இருக்கேன்" என்று உள்ளே இருப்பவருக்குக் கேட்கிற மாதிரி சொல்ல வேண்டும். அவர் பதில் சொன்ன பிறகுதான் பையில் கை வைக்கலாம். புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் இதைச் சொல்லிக்கொடுப்பது நான்தான்.

இதை எழுதிவிட்டு, உங்கள் கடிதத்தில் லேப்டாப் பற்றிய வரியை மறுபடி எடுத்துப் படித்தேன்.

என் கம்ப்யூட்டரில் மழை ஆட்டத்தை வாங்கியிருக்கிறேன். முதலில் எரிச்சலாக வந்தது. எங்கே போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பஸ் வரவழைக்க ஏதாவது வழி இருக்கும் என்று பெஞ்சுக்கு அடியிலெல்லாம் தேடினேன். இல்லை. பிறகு உட்கார்ந்தேன்.

அன்புடன்,
மாப்பிள்ளை


மார்ச் 29

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

முதலில் செய்தி: உங்களைக் கடலில் தள்ளிவிட்டேன்.

திறக்காதே என்று சொன்னால் திறக்காமல் இருக்கிற ஜாதி நானில்லை. பெண் கொடுத்த வீடு எப்படிப்பட்டது என்று நீங்கள் விசாரித்திருக்க வேண்டும். தீவு ஆட்டத்தில் நீங்கள் இரண்டு பேரும் பாலத்துக்கு முன்னால் சிலை மாதிரி நிற்பதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஒரு ரிமோட்டை இந்த முழங்காலில் வைத்தேன், இன்னொன்றை அந்த முழங்காலில். அவளை வைத்துச் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே உங்களைப் பாலத்தில் நடக்கவிட்டேன். பாதி வழியில் எனக்குத் தும்மல் வந்தது. சக்கரம் விட்டுப்போய், பாலம் தூக்கி, நீங்கள் தொபுக்கென்று தண்ணீரில். அந்தப் பாழாய்ப்போன பெட்டி அதை அப்படியே சேவ் செய்தும் வைத்துவிட்டது.

அன்றைக்கென்று உங்கள் மனைவி சீக்கிரம் வந்து நிற்கிறாள். என் மடியில் இரண்டு ரிமோட், டிவியில் நீங்கள் கழுத்தளவுத் தண்ணீரில் ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு. பார்த்தாள்.

"அம்மா, அவருக்கு நீச்சல் தெரியாது" என்றாள்.

பொம்மைக்கா உங்களுக்கா என்று நான் கேட்கவில்லை. ஒரு ரிமோட்டை என் கையிலிருந்து பிடுங்கினாள். தலையில்தான் போடப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், தன் பொம்மையைக் கரை ஓரம் வரை நடத்திக்கொண்டுபோய் அங்கே உட்கார வைத்திருக்கிறாள். உங்களைத் தூக்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தாள். நானும் பேசவில்லை. மழை ஆட்டத்தில் எடுத்த பயிற்சி.

பிறகு, நான் உங்களுக்கு எழுதுகிறேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். போய் முகம் கழுவிக்கொண்டாள். வருகிற திங்கள்தான் வக்கீல். அதற்குள் ஏதாவது சொல்வதானால் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தள்ளிவிட்ட பாவி,
அத்தை


ஏப்ரல் 1

அன்புள்ள அத்தைக்கு,

தபால் திங்களுக்குள் வர வேண்டுமே என்று கூரியரில் அனுப்புகிறேன்.

அந்தத் தீவில் தூண்டில்காரர் குடிசைக்குப் பின்னால் என்ன இருக்கிறது, என்னை எப்படி மேலே எடுப்பது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு பக்கத்துக்கு எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன்.

அவளிடம் ஒன்று மட்டும் சொல்லுங்கள். நான் இங்கேதான் இருக்கிறேன்.

மாப்பிள்ளை


ஏப்ரல் 7

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

சொன்னேன். அப்படியே, ஒரு வார்த்தை சேர்க்காமல். அது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியும்.

"வேற என்ன எழுதியிருக்கார்?" என்றாள். வேறு ஒன்றும் இல்லை என்றேன். நம்பாமல் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள், திருப்பியும் பார்த்தாள். பின்பக்கம் ஒன்றுமில்லை.

திங்கட்கிழமை காலையில் வக்கீல் குமாஸ்தாவுக்குப் போன் செய்து, இன்றைக்கு வேண்டாம், தேவைப்பட்டால் நானே கூப்பிடுகிறேன் என்று சொன்னது காதில் விழுந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்றது தற்செயல்.

நேற்று குடிசைக்குப் பின்னால் அவளாகவே போய்க் கயிற்றைக் கண்டுபிடித்துவிட்டாள். அவள் இழுக்க, தண்ணீரில் இருப்பவரும் ஏறினால்தான் ஆகுமாம். உங்கள் ரிமோட்டை நான் பிடிக்கிறேன் என்று முன்வந்தேன். "நீ ஒண்ணும் கிழிக்க வேண்டாம், மறுபடி தும்முவே. அவரே வரட்டும்" என்றாள்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வரவும். வேலை விஷயம், வீட்டு விஷயம் எதையும் சரிசெய்யக் கருவிப்பை கொண்டுவர வேண்டாம். ஆனால் ரிமோட் ஒன்று வாங்கிக்கொண்டு வரவும். இங்கே இருக்கிற இரண்டில் ஒன்று அவளுடையது. மற்றது இனிமேல் என்னுடையது.

வந்ததும் கதவைத் தட்டுங்கள். நான் திறக்க மாட்டேன், அது அவள் வேலை.

அத்தை