என் பெயரில் ஒரு ஜீப்

புழல்
4.2.2024

அன்புள்ள சிவந்திக்கு,

பொன்ராஜ் எழுதுவது. நான் இங்கே நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இந்த மாதம் ஜெயிலில் மனு போட்டு என்னைப் பார்க்க வருவாய் என்று காத்திருந்தேன், நீ வரவில்லை.

ஜீப்பின் மேல் தார்ப்பாய் இருக்கிறதா? சும்மா கிடந்தால் கடல் காற்றுக்கு இன்ஜின் இறுகிவிடும். வெளியே வந்ததும் பாதியில் விட்ட வேலையை முடித்து, உன்னை முன்சீட்டில் வைத்து எண்ணூர் வரைக்கும் ஓட்டிப் போவேன். அதுவரை யாரையும் அதைத் தொட விடாதே.

அன்புக் கணவன்,
பொன்ராஜ்

காசிமேடு
20.2.2024

அன்புள்ள மாமாவுக்கு,

சிவந்தி எழுதுவது. தம்பி சின்னப்பையனுக்கு முட்டியில் இரண்டாவது ஆபரேஷன் நடந்தது, அதனால்தான் வர முடியவில்லை. நீங்கள் அடித்ததில் நொறுங்கிய எலும்பு இன்னும் சரியாகக் கூடவில்லை. இனி அவன் போட்டில் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"இந்தத் துரு புடிச்ச ஜீப்ப எடைக்குப் போட்டுட்டு அக்காவ கவனி மாமா" என்று சொன்னதற்காகத்தானே அவனை அடித்தீர்கள். நேற்று நானே பழைய இரும்புக்காரரைக் கூப்பிட்டேன். தடுத்தவன் அவன்தான். "வாணாக்கா. ஓட வச்சா மீன ஏத்திகினு வள்ளூர் பக்கம் போய் விக்கலாம். நான் இன்னா பண்ணப் போறேன், உக்காந்துகினு தானே கீறேன்" என்றான்.

இரண்டு பேரும் செல்போனில் வீடியோ பார்த்து வேலையை ஆரம்பித்திருக்கிறோம். பிஸ்டன் அசையவே இல்லை. என்ன செய்வது?

உங்கள் சிவந்தி

புழல்
3.3.2024

அன்புள்ள சிவந்திக்கு,

உன் கடிதத்தைப் பக்கத்தில் இருப்பவர்களுக்குப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரியாதவள் இன்ஜினைத் திறக்கிறாளா?

சரி, கேள். டீசல் பீய்ச்சும் நாசிலைக் கழற்றி அந்த ஓட்டை வழியாகக் கொஞ்சம் டீசல் ஊற்று. ஒரு வாரம் ஊறட்டும். பிறகு இன்ஜினை முன்னும் பின்னுமாக மெதுவாகத் திருப்பு. முரட்டுத்தனம் காட்டினால் உள்ளே உடைந்துவிடும், பொறுமை வேண்டும். பிரேக் வேலைக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டியிருக்கும். வீல் ஸ்பேனர் டிரைவர் சீட்டுக்குக் கீழே கிடக்கும்.

உன் பொன்ராஜ்

காசிமேடு
16.6.2024

மாமாவுக்கு,

வீல் ஸ்பேனர் சீட்டுக்குக் கீழே இல்லை. கோர்ட்டில் இருக்கிறது. தம்பியை அடித்தது அந்த ஸ்பேனரால்தான் என்பது உங்களுக்கு மறந்துவிட்டது போலிருக்கிறது. டயர் கடை தாவூது பாயிடம் ஒன்று இரவல் வாங்கினேன்.

பிஸ்டன் இளகிவிட்டது. ஓட்டை விழுந்த தரைக்குத் தகடு வைத்து வெல்டிங் பிடித்தோம். பிரேக்குக்குப் புது ரப்பர் போட்டேன். நான் மீன் விற்கும் மார்க்கெட்டில் "இன்னா சிவந்தி, வஞ்சிரத்துல டீசல் நாத்தம் வருது" என்று கேட்கிறார்கள். இப்போது இன்ஜின் ஒரு நிமிடம் ஓடுகிறது, உடனே நின்றுவிடுகிறது.

உங்கள் கடிதத்தைத் தம்பியும் படித்தான். தன்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று பின்பக்கம் திருப்பிப் பார்த்தான். மடித்துக் கொடுத்துவிட்டான்.

சிவந்தி

புழல்
7.7.2024

சிவந்திக்கு,

டீசல் லைனில் காற்று புகுந்திருக்கிறது. பில்டர் மேலிருக்கும் நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை அடித்துக்கொண்டே இரு. நுரை நின்று சுத்தமாக டீசல் வந்ததும் இறுக்கிவிடு.

ஓடத் தொடங்கினால் நீ ஓட்டாதே. தெருவில் என் மானம் போய்விடும். என் அண்ணன் செங்குட்டுவனை அனுப்புகிறேன், சாவியை அவரிடம் கொடு. டிசம்பர் பதினான்காம் தேதி எனக்கு விடுதலை. அண்ணனோடு அந்த ஜீப்பிலேயே வந்து என்னை அழைத்துப் போ. நான் வரும்போது உன் தம்பி வீட்டில் இருக்கக் கூடாது. அவன் முகத்தைப் பார்த்தால் எனக்கு மறுபடியும் கோபம்தான் வரும்.

பொன்ராஜ்

வள்ளூர்
24.11.2024

பொன்ராஜ் அவர்களுக்கு,

நீங்கள் சொன்னபடி காற்றை எடுத்தேன். வண்டி நிற்காமல் ஓடியது. சொல்லிக் கொடுத்ததற்கு நன்றி.

அடுத்த வாரமே உங்கள் அண்ணன் கயிற்றோடு வந்தார், கட்டி இழுத்துப் போகத்தான். "சாவிய குடும்மா, இது எங்க வூட்டு வண்டி" என்றார். உங்கள் மேல் லாரிக் கடன் கேஸ் இருந்ததால் இந்த ஜீப்பை ஏலத்தில் என் பெயரில்தானே எடுத்தீர்கள்? "ஆர்.சி. புக்கு யார் பேர்ல கீதுன்னு பாத்துட்டு பேசுங்க" என்று சொல்லிவிட்டு, ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தேன். அவர் ஒதுங்கி நின்றார். தெரு முனை வரை ஓட்டித் திரும்பி வந்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்.

லைசென்ஸ் எடுத்துவிட்டேன். விடியற்காலையில் காசிமேட்டில் மீன் ஏற்றி இந்தப் பக்கம் கொண்டுவந்து விற்கிறோம். தம்பி என் பக்கத்தில் உட்கார்ந்து வருகிறான், தராசு அவன் கையில். அனல்மின் நிலையத்துச் சாம்பல் லாரிகள் போய்ப் போய்க் குழியான ரோட்டில் அவன் காலை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறான். அப்போதெல்லாம் நான் வேகத்தைக் குறைக்கிறேன்.

காசிமேட்டு வீட்டைக் காலி செய்துவிட்டோம். உங்கள் துணிமணியை அண்ணன் வீட்டில் கொடுத்திருக்கிறேன். கல்யாண போட்டோவையும் அதிலேயே வைத்திருக்கிறேன்.

பதினான்காம் தேதி சனிக்கிழமை. ஞாயிறு வியாபாரத்துக்கு ஐஸ் ஏற்றும் நாள். புழல் வாசலில் இருந்தே பஸ் கிடைக்கும்.

சிவந்தி