கேட்பாரில்லாத ஏலம்

இன்று காலை எண்ணெய் வாங்க வாலாஜாபாத் ரோட்டுப் பக்கம் போயிருந்தேன். மாடு அடைக்கும் நம் பழைய பவுண்டு வாசலில் ஒரே கூச்சல். தலைப்பாகை அவிழ்ந்து தோளில் தொங்க, ஒரு குடியானவன் புதிதாக வந்திருக்கும் பவுண்டுக்காரரோடு மல்லுக்கு நின்றான். "நாலு வாய் கேவுரு தின்னதுக்கு இம்மாந் தண்டமா? மொதல்ல என் மாட்டை வெளிய வுடுய்யா! பால் கட்டிக்கினு துடிக்குது பாரு!" உள்ளே அவனுடைய பசு கத்திக்கொண்டிருந்தது. சாணமும் ஈர வைக்கோலும் கலந்த அந்த வாடை இன்னும் அப்படியே இருக்கிறது. எண்ணெய்ச் சொம்பைக் கையில் பிடித்தபடி அந்தச் சண்டையை முழுக்க நின்று கேட்டேன். கடைசியில் அவன் தண்டத்தைக் கட்டிவிட்டு, பசுவைத் திட்டிக்கொண்டே, அதன் கழுத்தைத் தடவிக்கொண்டே ஓட்டிப் போனான். வீட்டுக்கு வந்ததும் அழுகை வந்துவிட்டது. சனங்கள் மறுபடி மாட்டுக்காகச் சண்டை போட வருகிறார்கள் என்பதை உங்களிடம் அல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மிஷன் பள்ளியில் கற்ற எழுத்து எனக்கு இத்தனை நாள் எதற்கும் பயன்பட்டதில்லை. இன்று இதற்காவது பயன்படட்டும்.

கல்யாணமாகி இங்கே வந்த புதிதில் உங்கள் உத்தியோகத்தைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருந்தது. பயிரை மேய்ந்த மாட்டை நிலத்துக்காரன் ஓட்டிவந்து விடுவான். நீங்கள் அடைத்துப் பூட்டுவீர்கள். உடையவன் வந்து தண்டம் கட்டி மீட்டுப் போக வேண்டும். பக்கத்துத் தறிவீட்டுப் பெண்கள் என்னை "மாட்டு ஜெயிலர் வூட்டம்மா" என்று கேலி செய்தார்கள். உங்களிடம் சொன்னபோது வாய்விட்டுச் சிரித்தீர்கள். "என் ஜெயில்ல அடைஞ்சதுங்க ஒண்ணும் குத்தம் பண்ணலியே, பசிச்சிது, துண்ணுச்சி" என்றீர்கள்.

அந்த நாளில் மாடு வந்த சூடு ஆறுவதற்குள் உடையவன் வந்துவிடுவான். இன்று பார்த்தேனே, அதே சண்டை, அதே வசவு. கெடு முடிந்தும் யாரும் கேட்டு வராத மாடு அபூர்வம். அப்படி ஒன்று ஏலத்துக்கு வந்தால் முசரவாக்கம், ஐயம்பேட்டை என்று சுற்றுப்பட்டு உழவரெல்லாம் தண்டோராச் சத்தம் கேட்டுக் கூடிவிடுவார்கள். பல்லைப் பிடித்துப் பார்ப்பதென்ன, வாலை முறுக்கி நடக்கவிட்டுப் பார்ப்பதென்ன! நீங்கள் கல்மேல் ஏறி நின்று "ஒரு தரம்" என்றால் தறிவீடுகளில் நாடா ஓடும் சத்தத்தையும் மீறிக் கேட்கும். ஒருவர் விலையை இன்னொருவர் தூக்க, முகமெல்லாம் மலர்ந்து வீட்டுக்கு வருவீர்கள். ஒருநாள் சொன்னீர்கள்: "ஏலம் கூவறப்போ மாட்டைப் பார்க்கக் கூடாது, கூட்டத்தைத்தான் பார்க்கணும். மாட்டைப் பார்த்தா கொரல் எறங்கிடும்." தொழில் ரகசியம் என்றுதான் அப்போது நினைத்தேன்.

பிறகு நெல் விலை விழுந்தது.

முதலில் அது யாரோ பட்டணத்து வியாபாரிகளின் கவலை போலத்தான் இருந்தது. அடுத்த போகத்துக்குள் நம் தெருவுக்கே வந்துவிட்டது. நெல்லை ஏற்றிக்கொண்டு மண்டிக்குப் போன வண்டிகள் பாரம் இறக்காமல் திரும்பின. வேர்க்கடலை மூட்டைகள் வாங்க ஆளில்லாமல் மழையில் முளைத்தன. விளைந்ததை விற்று நிலவரிக் கிஸ்தி கட்ட முடியாதவர்கள் நிலத்தைக் கரம்பாகப் போட்டார்கள். உழவில்லை என்றால் உழவுமாட்டுக்கு என்ன விலை? போன வருஷம் கொடுத்த விலையில் பாதியைக்கூடச் சந்தையில் சொல்ல ஆளில்லை. குடியானவர்கள் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதால் புடவை எடுப்பாரும் இல்லாமல், பக்கத்து வீட்டில் இரண்டு தறி நின்றுபோயிற்று. கேலி செய்த பெண்கள் கேலியையும் விட்டுவிட்டார்கள்.

எனக்கு அதெல்லாம் புரிந்தது பவுண்டு வாசலில்தான். மாடுகள் வந்துகொண்டே இருந்தன. மீட்க யாரும் வரவில்லை. "ஏங்க, ஊர்ல ஒருத்தருக்கும் மாடு காணாமப் போனது தெரியலியா?" என்று கேட்டேன். தொட்டியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த நீங்கள் நிமிராமலே சொன்னீர்கள்: "தெரியும். தெரிஞ்சிதான் வுடறாங்க. இங்க கட்டற தண்டத்துக்குச் சந்தையில வேற மாடே வாங்கிடலாம். வெச்சிக்கினா தீனி போடணும், வித்தா தோல் மண்டிக்காரன்தான் வாங்குவான். அவன் கையில கயித்தக் குடுக்க மனசு வரல. ஏலத்துல எவனாவது ஏர் ஓட்டறவன் எடுத்துக்கினு போவானான்னு ஒரு நப்பாசை."

அப்படி வந்ததுதான் முசரவாக்கத்து எட்டியப்பனின் மயிலைக் காளை. அதை நமக்கு முன்பே தெரியும். நெல் நல்ல விலை விற்ற காலத்தில் ஒருமுறை அது நம் பவுண்டுக்கு வந்து, எட்டியப்பன் மூச்சிரைக்க ஓடிவந்து, "என் புள்ளைய அடைச்சி வெச்சிட்டியே" என்று உங்களைக் கண்டபடி ஏசி மீட்டுப் போனான். இந்தத் தடவை கெடு முடியும்வரை வரவில்லை. நீங்கள் ஆள் அனுப்பினீர்கள். வந்தான். ஆள் பாதியாய் இளைத்திருந்தான். வேலிக்கு வெளியே நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது என்னுது இல்லீங்க" என்றான்.

"நல்லாப் பாரு, எட்டியப்பா."

"பார்த்துட்டங்க. என்னுது இல்ல."

உடையவன் அவன்தான் என்று எழுதிவிட்டால் தண்டமும் தீனிச் செலவும் அவன் தலையில் விழும். நீங்கள் எழுதவில்லை.

ஏலத்தன்று நான் வீட்டு ஜன்னலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டம் என்று சொல்ல ஒன்றுமில்லை. தோல் மண்டிக்காரரும் அவருடைய ஆட்களும் முன்னால். வேடிக்கை பார்க்கும் சிலர் பின்னால். எல்லாருக்கும் பின்னால், புங்கமரத்தை ஒட்டி, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு எட்டியப்பன். மண்டிக்காரர் ஒரு விலை சொன்னார். தோலுக்கு மட்டும் போட்ட விலை என்று எனக்கே தெரிந்தது. "ஒரு தரம்" என்றீர்கள். அந்த நேரம் மயிலை கயிற்றைப் பிடித்திருந்தவனை இழுத்துக்கொண்டு நகர்ந்தது. ஓடவில்லை, முட்டவில்லை. கூட்டம் விலகி வழிவிட, நேரே மரத்தடிக்குப் போய், எட்டியப்பனின் கையை நக்கியது.

அவன் கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அதைத் தொடவும் இல்லை. மரத்தோடு மரமாக நின்றான். மண்டிக்காரரின் ஆள் ஒருவன், "தோ பார்றா, உடையவன் அகப்பட்டுட்டான்!" என்று சிரித்தான்.

கல்மேல் நின்றபடி நீங்கள் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "மாடு உப்பு வாசனைக்கு எவன் கையை வேணா நக்கும். இப்பிடி ஓட்டிக்கினு வா. ஏலம் நடக்கட்டும்."

ஒரு வாக்கியத்தில் அவனைக் காப்பாற்றினீர்கள். அதே வாக்கியத்தில் மயிலை போய்விட்டது. "ரெண்டு தரம்" என்றபின் வெகுநேரம் காத்திருந்தீர்கள். வாசலைப் பார்த்தீர்கள், ரோட்டைப் பார்த்தீர்கள், எந்த உழவனாவது வந்துவிட மாட்டானா என்று. பவுண்டுக்காரர் ஏலத்தில் எடுக்கக் கூடாது என்பது சட்டம். இல்லாவிட்டால் நீங்களே எடுத்திருப்பீர்கள். "இன்னா நாயக்கரே, மூணாவது தரம் மறந்துபோச்சா?" என்று மண்டிக்காரர் கேட்டபிறகுதான் சொன்னீர்கள். அப்போது நீங்கள் மாட்டைப் பார்த்துவிட்டீர்கள். குரல் ஜன்னல்வரைகூட வரவில்லை.

அதன்பின் நீங்கள் செய்த காரியம் ஊரில் பலருக்குத் தெரியாது. ஏலத்துக்கு முன்பெல்லாம் குடையை எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாக நடந்தீர்கள். "தனியா ஒருத்தன் வாங்க முடியலன்னா ரெண்டு வூடு சேர்ந்து வாங்குங்கப்பா. ஆளுக்கொரு நாள் தீனி போடுங்க. வெலை இப்பிடியே கெடக்காது" என்று களத்துமேட்டிலும் கிணற்றடியிலும் நின்று பேசினீர்கள். சிலர் கேட்டார்கள். ஐயம்பேட்டையில் மூன்று குடும்பம் சேர்ந்து ஒரு ஜோடியை எடுத்தது. அன்று நீங்கள் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்கள்.

ஆனால் உழவர்கள் கேட்டு ஏல விலை கொஞ்சம் ஏறியதும் மண்டிக்காரர் வருவதை நிறுத்திவிட்டார். உழவர்களிடமோ வாங்கும் சக்தி தீர்ந்துபோயிருந்தது. அடுத்த ஏலத்தில் "யாராவது கேளுங்கப்பா" என்று நீங்கள் கூவக் கூவ, எதிரில் தண்டோராக்காரன் ஒருவன்தான் நின்றான். அதற்கடுத்த ஏலமும் அப்படியே. தண்டமும் ஏலமும் இல்லாததால் தீனிக்கு வரும் காசு முடிந்தது. நம் வீட்டு அரிசித் தவிட்டையும் கழுநீரையும் நான் கொண்டுபோய் ஊற்றினேன். அத்தனை வாய்க்கு அது எம்மாத்திரம்? ஒரு கிழப்பசு எழுந்திருக்க முடியாமல் கிடந்து நம் கண்ணெதிரே செத்தது. அதன் பக்கத்தில் குந்தி நெடுநேரம் ஈயோட்டிக்கொண்டிருந்தீர்கள்.

மறுநாள் வெளுத்த வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பினீர்கள். எங்கே என்று நான் கேட்கவில்லை. திரும்பி வந்து, "அடுத்த ஏலத்துக்கு வரேன்னுட்டாரு" என்றீர்கள். யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பிறகு நீங்களே சொன்னீர்கள்: "மனுஷன் மோர் குடுத்தாரு. எகத்தாளமா ஒண்ணும் பேசல. 'எனக்கும் தோல் தேங்கிப் போயி கெடக்குது நாயக்கரே, இருந்தாலும் நீங்க நடந்து வந்துட்டீங்க'ன்னாரு. அவர் கெட்டவரா இருந்திருந்தா எனக்கு லேசா இருந்திருக்கும்." அன்று இலையில் போட்ட சோற்றை அளைந்துகொண்டே இருந்துவிட்டு எழுந்துவிட்டீர்கள்.

அந்த ஐப்பசி மழையிலும் நீங்கள் நடையை விடவில்லை. மண்டிக்காரருக்கும் ஆள் சொல்லிவிட்டு, உழவர்களிடமும் போய்க் கெஞ்சினீர்கள். நனைந்து வந்த ஒருநாள் குளிர் கண்டது. கஷாயம், ஆஸ்பத்திரி மருந்து, வரதர் கோயில் தீர்த்தம், எதுவும் கேட்கவில்லை. காய்ச்சல் ஏறிய வேளையில் விலை விலையாகச் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். பழைய விலைகள். நெல் நன்றாக விற்ற காலத்து விலைகள். ஒவ்வொன்றையும் முன்னதைவிட உயர்த்தி உயர்த்திச் சொன்னீர்கள். உங்கள் முகத்தில் அப்போது வருத்தமே இல்லை. நான் அதைத் தடுக்கவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்து சனமெல்லாம் கலைந்த பிறகு எட்டியப்பன் வந்தான். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை, படியிலேயே குந்தினான். ஒரு முறம் அவரைக்காய் கொண்டுவந்திருந்தான். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. முறத்தைப் படியோரம் நகர்த்தி வைத்துவிட்டு, "அம்மா, ஒண்ணு கேக்கட்டுமா?" என்றான்.

"கேளுப்பா."

"அன்னிக்கு மயிலை இங்கேருந்து போறப்போ, தண்ணி குடிச்சிட்டுப் போச்சுங்களா?"

ஏலம் முடிந்து மண்டிக்காரரின் ஆட்கள் கயிற்றைப் பிடித்தபோது நான் வாளியோடு ஓடினேனே, நினைவிருக்கிறதா? நீங்கள் அதன் மூக்கைத் தண்ணீரில் நனைத்துக்கூடப் பார்த்தீர்கள். அது வாயைத் திறக்கவில்லை. மரத்தடிப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தது. எட்டியப்பன் அதற்குள் போய்விட்டிருந்தான். வாளி நிறைந்தபடியே இருந்தது. அதைக் கொட்டாமல் அப்படியே வைத்துவிட்டு நாம் இருவரும் உள்ளே வந்துவிட்டோம். அதைப் பற்றி ஒருநாளும் நீங்களும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

"குடிச்சிதுப்பா" என்றேன். "நான்தான் வெச்சேன். வாளித் தண்ணியும் குடிச்சிட்டுத்தான் போச்சு."

அவன் தலையை ஆட்டினான். ஒருமுறை நிறுத்தி, மறுபடியும் ஆட்டினான். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது போதும்மா" என்று எழுந்து போனான்.

இப்போது நெல் விலை கொஞ்சம் தலையெடுத்திருக்கிறது என்கிறார்கள். எட்டியப்பன் வேறு ஒரு ஜோடி வாங்கி ஏர் பூட்டியிருக்கிறானாம். தெருவில் எதிர்ப்பட்டால் நின்று, "நல்லாக்கீறீங்களாம்மா?" என்று கேட்கிறான். மயிலை பேச்சை எடுப்பதே இல்லை. ஆனால் என் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் அவன் முகம் லேசாகிறது, நான் பார்க்கிறேன். நீங்கள் இருந்தவரை, அது தண்ணீர் குடிக்காமல் போனதை மனதில் வைத்திருந்தவர்கள் நாம் இரண்டு பேர். இப்போது நான் ஒருத்திதான். அன்று கல்மேல் நின்று நீங்கள் அவனுக்காகச் சொன்னீர்கள், படியில் நின்று நானும் சொல்லிவிட்டேன். சரியாகத்தான் சொன்னேனா என்று கேட்க எனக்கு வேறு ஆளில்லை.