உன் அம்மாவுக்குத் தெரியாத சொல்

திருவனந்தபுரத்துப் பக்கம் கழக்கூட்டத்தில் நான் வண்டி ஓட்டும் கம்பெனியின் வாசலில் ஒரு காவலாளி இருக்கிறார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். இன்று காலை ஸ்டூலில் உட்கார்ந்து பூட்ஸுக்குக் கறுப்பு பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வாசனையில் உன் ஞாபகம் வந்துவிட்டது. லீவில் வரும்போதெல்லாம் பொன்முடி தேயிலை எஸ்டேட் லயத்து வாசலில் நீயும் இப்படித்தான் உட்கார்ந்திருப்பாய். நாளைக்குச் சேற்றில்தானே நடக்கப்போகிறாய் என்று நான் கேலி செய்தால், "கை சும்மா இருக்க மாட்டேங்குதுலே" என்பாய்.

ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீட்டில் பிறந்தவர்கள் நாம். உன் அப்பா சீக்கிரமே போய்விட்டார். அம்மா கொழுந்து கிள்ளி உன்னை வளர்த்தாள். உன்னை வீரன் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். நீ எதற்காகப் பட்டாளத்துக்குப் போனாய் என்பது எனக்குத் தெரியும். எஸ்டேட்டில் மருந்தடிக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், முழங்கால் வரை அட்டை கடித்த ரத்தத்தோடு வந்து, "அட்டை இல்லாத எந்த வேலைன்னாலும் சரிலே" என்றாய். திருவனந்தபுரத்தில் பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு இருவரும் தம்பானூர் பஸ்ஸைப் பிடித்தோம். ஓட்டப் பரீட்சையில் நீ முன்னால் வந்தாய். நான் பாதியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மலைப்பாதை வளைவுகளில் பஸ்ஸோடு போட்டி போட்டு ஓடியவன் நீ. உள்ளே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன் நான்.

பட்டாளத்தில் மலையாளிகள் உன்னைப் பாண்டி என்றும், தமிழர்கள் மலையாளி என்றும் கூப்பிட்டார்களாம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாய். கடைசியாக எஸ்டேட் ஆபீஸ் போனில் பேசியபோது பனிமலையில் இருப்பதாகச் சொன்னாய். "இங்க அட்டையே கெடையாதுலே." குரலில் அவ்வளவு திருப்தி.

கார்கில் போர் நடந்த அந்த மழைக்காலத்தில் ஒரு மதியம், இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் லயத்துக்கு வந்தார்கள். உன் அம்மாவுக்கு மலையாளம் தெரியும். கடையில் விலை பேசுகிற, மேஸ்திரியிடம் சண்டை பிடிக்கிற மலையாளம். 'மரிச்சு' என்று சொல்லியிருந்தால் அப்போதே புரிந்திருக்கும். ஆனால் மூத்த அதிகாரி மரியாதையாக, பத்திரிகையில் எழுதுகிற மாதிரி, "அம்மே, மகன் வீரமிருத்யு வரிச்சு" என்றார். வீரமரணம் அடைந்துவிட்டான் என்று அர்த்தம். உன் அம்மா 'வீர' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டாள். முகமெல்லாம் சிரிப்பு. பெஞ்சைத் துடைத்து அவர்களை உட்காரவைத்தாள். சாயா போட்டுக்கொண்டே என்னைக் கூப்பிட்டு, "நம்ம பயலுக்கு ஏதோ பட்டம் குடுத்திருக்காவளாம்லா?" என்றாள்.

அதிகாரிகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார்கள். அங்கே நின்றவர்களில் தமிழும் அந்தப் பெரிய மலையாளமும் தெரிந்தவன் நான் ஒருவன்தான்.

"அத்தே, அவன் செத்துப்போனான்" என்றேன்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, சீனி போட்டாயிற்று, அவர்களைக் குடித்துவிட்டுப் போகச் சொல் என்றாள். குடித்தார்கள். ஜீப் வளைவு திரும்பிய பிறகுதான் அழ ஆரம்பித்தாள்.

உன்னைக் கொண்டுவந்த பெட்டியைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அவள் உன் முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் நாம் படித்த பள்ளிக்கூடத்து மைதானத்தில் உனக்கு அஞ்சலிக் கூட்டம் வைத்தார்கள். உன் அம்மாவை முன்வரிசையில் உட்காரவைத்து, பக்கத்தில் என்னையும் உட்காரவைத்தார்கள். பேச்செல்லாம் அவள் தலைக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. கடைசியாகப் பேசியவர் கையை உயர்த்தி, "நம்முடெ ஜவான் மரிச்சிட்டில்ல" என்று முழங்கினார்.

அவளுக்கு அன்று புரிந்த ஒரே வாக்கியம் அது. என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தாள்.

"மரிக்கலைங்காரா மக்கா?"

எல்லோரும் கைதட்டினார்கள். அது அடங்கும் வரை காத்திருந்தேன்.

"இல்லத்தே. செத்துட்டான். இது மேடைல பேசுத பேச்சு."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். மேடையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, மாலை போடக் கூப்பிட்டபோது எழுந்து போய் உன் படத்துக்குப் போட்டாள். அதைப் பற்றி என்னிடம் பிறகு ஒரு வார்த்தையும் கேட்கவில்லை.

லயத்து வாசலில் நான் சொன்னது வந்த சேதியை. அது எப்படியும் அவளிடம் போய்ச் சேர்ந்திருக்கும். மைதானத்தில் சொன்னதுதான் இன்னும் என்னோடு இருக்கிறது. அங்கே நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், வீடு போய்ச் சேரும் வரையாவது அவளுக்கு நீ உயிரோடு இருந்திருப்பாய்.