ஆரணிக்கு ஏழு, நைஜீரியாவுக்கு ஐந்து

1982 ஜனவரி 10

லீலா நைஜீரியாவுக்குப் போய் இன்றோடு நான்கு மாதம். அங்கே ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இரண்டு வருட ஒப்பந்தம். தெருவில் பார்க்கிறவர்கள் எல்லாம் கேட்பது ஒன்றுதான்: "பச்சையப்பா, பொண்டாட்டி ஃபாரின்ல, நீ இங்க இன்னா பண்ணிகினு இருக்க?" பட்டு நெய்கிறேன். நாலு தறி இருக்கிறது, அம்மா இருக்கிறாள், தம்பி திருமலை இருக்கிறான். வேறென்ன செய்ய?

இன்று கடிதம். கரண்ட் அடிக்கடி போகிறதாம், கறிவேப்பிலை கிடைக்காதாம். ஆனாலும் ஊர் பிடித்திருக்கிறதாம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருடம் நீட்டிக்கலாமாம். "நீங்களும் இங்கயே வந்துடுங்களேன்."

அதெல்லாம் நடக்காது.

ஜனவரி 11

கணக்கு டீச்சருக்குக் கணக்கிலேயே பதில். வாழ்வதற்கு எந்த ஊர் மேல் என்று பன்னிரண்டு விஷயத்தில் மார்க் போடுவது. தண்ணீர், கரண்ட், பஸ், டெலிபோன், சாப்பாடு, கொசு, இன்னும் ஆறு யோசிக்க வேண்டும். தோற்கிற ஊரில் இருப்பவர் மூட்டை கட்ட வேண்டியது. எழுதிப் போட்டுவிட்டேன்.

பிப்ரவரி 16

லீலா ஒப்புக்கொண்டாள். "ஆனா நேர்மையா போடணும்" என்று எழுதியிருக்கிறாள். என்னைப் பார்த்தா?

பிப்ரவரி 17

கொசு. வலைக்குள் எண்ணிப் பார்த்தேன், பதினொன்று. நிற்காமல் பறப்பதால் சிலதை இரண்டு முறை எண்ணியிருக்கலாம். மூன்று என்று எழுதினேன். மூன்றுதான் பெரியவை.

மார்ச் 22

கரண்ட் இல்லை. எழுதவில்லை.

மார்ச் 23

இல்லை.

ஏப்ரல் 14

மெட்ராஸ் ஜவுளிக்கடைக்கு டிரங்க் கால். காலை பத்து மணிக்குப் பதிவு செய்தது மாலை நாலுக்குக் கிடைத்தது. எடுத்தது காஞ்சிபுரத்தில் யாரோ ஒரு அம்மாள். சேலை பார்டரைப் பற்றி நான் பாதி சொன்ன பிறகுதான் "நீங்க யாருங்க?" என்றார். தங்கமான குணம், அதற்கப்புறமும் திட்டவில்லை. டெலிபோன் மூலம் நல்ல மனிதர்கள் அறிமுகமாகிறார்கள் என்று லீலாவுக்கு எழுதினேன். ஆரணிக்கு ஒரு மார்க்.

ஜூன் 5

அம்மாவுடன் படவேடு ரேணுகாம்பாள் கோயில். திரும்ப பஸ் இல்லை. மூன்று மணி நேரம் நின்றுவிட்டு வேர்க்கடலை லாரியில் மூட்டைகளின் மேல் ஏறி வந்தோம். "பயணம் காற்றோட்டமாக இருந்தது" என்று எழுதினேன்.

மொத்தம்: ஆரணிக்கு ஏழு, நைஜீரியாவுக்கு ஐந்து. ஜெயித்தாயிற்று.

ஜூலை 19

மாட்டிக்கொண்டேன்.

லீலா எழுதியிருக்கிறாள்: "கொசு பதினொண்ணு. படவேட்டுல மூணு மணி நேரம். கொழாய்ல தண்ணி வராததால உங்களுக்கு ரெண்டு நாளைக்கு ஒரு குளியல். அத்தை எல்லாத்தையும் எழுதறாங்க."

அம்மா ஏரோகிராம் வாங்குவது எனக்குத் தெரியவே தெரியாது. போய்க் கேட்டேன்.

"ஏம்மா, நீ யாரு கட்சி?"

"எனக்கென்னா கட்சி. அவ கேட்டா, எழுதனேன். நீ எழுதறது பொய்யா, இல்லியா?"

"பொய்தான்."

"அப்பறம் இன்னா," என்று முறுக்கைக் கடித்தாள்.

ஏன் பொய் சொன்னேன்? ஆரணி மானத்தைக் காப்பாத்தவா? மண்ணாங்கட்டி. அவ வரணும். வீடு நல்லா இல்ல, சோறு எறங்கல — அதை ஒரு வரியில எழுதத் துப்பு இல்லாம கொசு எண்ணிகினு கெடந்திருக்கேன்.

ஜூலை 20

அந்த ஒரு வரியை எழுதினேன். திரும்பப் படித்தால் கிழித்துவிடுவேன் என்று உடனே தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

ஆகஸ்ட் 27

பதில் வந்தது. "எனக்கும் அப்படித்தான் இருக்கு. ஆனா பிள்ளைங்களுக்கு இப்பத்தான் அல்ஜீப்ரா புரிய ஆரம்பிச்சிருக்கு, பாதியில விட மனசு வரல. ஒரு தடவ வந்து பாருங்க. பிடிக்கலன்னா சேந்தே திரும்பிடலாம்."

யோசிக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். "தறிய திருமலை பாத்துக்குவான். நீ ஜல்தியா கெளம்பு. மூஞ்சியப் பாத்துகினு இருக்க முடியல." பாஸ்போர்ட்டுக்கு எங்கே போக வேண்டும் என்று ஏற்கெனவே விசாரித்து வைத்திருக்கிறாள்.

1983 பிப்ரவரி 12

நைஜீரியாவுக்கு வந்து ஒன்பது நாள். வாயைத் திறந்தால் தூசி. லீலா இளைத்திருக்கிறாள், நான் இளைத்திருப்பதாக அவள் சொல்கிறாள்.

பக்கத்து வீட்டு வாத்தியார், சானி என்று பெயர், விருந்து கொடுத்தார். இந்த ஊர் விசேஷச் சாப்பாடு என்று மூடியைத் திறந்தார். களி. மாவுதான் வேறு, மற்றபடி சாட்சாத் நம் களி, கூடவே வெண்டைக்காய்க் குழம்பு. விமானத்தில் வாந்தி எடுத்துக்கொண்டு வந்தது இதற்குத்தானா? இரண்டு உருண்டை சாப்பிட்டேன்.

நடுவில் கரண்ட் போயிற்று. "பேஜார்" என்றேன். அர்த்தம் கேட்டார். பல்பைக் காட்டினேன், புரிந்துகொண்டார்.

மார்ச் 30

சந்தைக்குப் பின்னால் நெசவாளர்கள் இருக்கிறார்கள். நெய்வது நாலு விரல் அகலப் பட்டை, அப்புறம் ஒன்றோடொன்று சேர்த்துத் தைக்கிறார்கள். இதுவும் ஒரு நெசவா என்று நினைத்தபடி அவர்கள் தறியில் உட்கார்ந்தேன். ஒரு முழத்துக்குள் ஏழு இழை அறுத்துவிட்டேன். சிரித்த சிரிப்பில் ஒருவருக்குத் தொப்பி விழுந்தது. நாளைக்கும் போக வேண்டும்.

மே 8

இப்போது கரண்ட் போனால் தெருவே "பேஜார்" என்கிறது. மின்சார இலாகாவுக்குத் தமிழில் அதுதான் பெயரா என்று தலைமையாசிரியர் லீலாவிடம் கேட்டாராம்.

ஆகஸ்ட் 28

புதிதாக ஒரு டீச்சர் வந்திருக்கிறார், சாவித்திரி. கணவர் சுப்பராயலு, வேலூர்க்காரர். டீக்கு அழைத்திருந்தோம். உட்கார்ந்ததிலிருந்து அவர் நிறுத்தவில்லை: "கரண்ட் இல்ல, தண்ணி இல்ல, ஒரே புழுதி. இன்னா ஊரு சார் இது?"

"ஏன் சார், உங்க வேலூர்ல பாலாறு கரை பொரண்டு ஓடுதா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டுவிட்டேன்.

லீலா டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவசரமாக உள்ளே போனாள். முதுகு குலுங்கியது.

அவர்கள் போனதும் நீட்டிப்பு விண்ணப்பத்தை எடுத்துக் கையெழுத்துப் போட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று நானும் கேட்கவில்லை.

நாளை சுப்பராயலுவைச் சந்தைக்குக் கூட்டிப்போக வேண்டும். பாவம், வெங்காயம் எந்தக் கடையில் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தெரியாது.