ஞாயிறு மதியம், மொழிபெயர்ப்பு என்னுடையது

ஜூன் 8, ஞாயிறு

மாதா கோயிலில் காலைப் பூசை, கறிக்கடை வரிசை, குழம்பு, சாப்பாடு. இரண்டு மணிக்கு டாக்குமெண்டரி. மகள் ஏஞ்சல் கோயம்புத்தூர் ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போது போட்டுவிட்டுப் போன சட்டம் இது. "சீரியல் பார்த்துப் பார்த்து ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க. வாரத்துக்கு ஒரு டாக்குமெண்டரி பாருங்க, யோசிக்கிற மாதிரி." டிவியில் ஏதோ ஆப் ஏற்றி, பாஸ்வேர்டை மாதா காலண்டரில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

இன்று தேனீ. முழுக்க இங்கிலீஷ். என் வீட்டுக்காரர் செபஸ்டினுக்கு இங்கிலீஷ் கேட்டால் கொட்டாவி வரும். இருபது வருஷமாகச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எடைமேடையில் உட்கார்ந்து லாரிகளை எடை போடுகிற மனுஷர். லோடு, எம்ட்டி, நெக்ஸ்ட் - இந்த மூன்று வார்த்தையில் குடும்பம் நடந்துவிட்டது. நானோ பிளஸ் டூவுக்கு இங்கிலீஷ் எடுப்பவள். ஆகவே படம் ஓட ஓட நான் தமிழில் சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு.

"ஆண் தேனீ கூட்டுல ஒரு வேலையும் செய்யாதாம்" என்றேன்.

"இது அவன் சொல்றானா, நீ சொல்றியா?"

"அவன்தாங்க."

உண்மையில் அவன்தான் சொன்னான். அதோடு விட்டிருக்கலாம். நாக்கு சும்மா இருந்தால்தானே. "சாப்பிட்ட தட்டையாவது கழுவி வைக்கலாம்ல, அதுகூடச் செய்யாதுன்னு வருத்தப்படுறான்" என்றேன். மனுஷர் கொஞ்ச நேரம் தேனீயைப் பார்த்தார். பிறகு எழுந்து போய்த் தன் தட்டைக் கழுவி வைத்தார். சத்தியமாக.

ஜூன் 10, செவ்வாய்

தலைமை ஆசிரியர் பதவி உயர்வுப் பட்டியல் வந்துவிட்டது. என் பெயர் இருக்கிறது. ஆனி ரோஸ், முதுகலை ஆசிரியர், ஆங்கிலம். மூன்று தரம் படித்தேன்.

காலியிடம் எல்லாம் நீலகிரி, கிருஷ்ணகிரி, ராமநாதபுரம். நம்ம அரியலூர் பக்கம் ஒன்றுகூட இல்லை. கவுன்சலிங் ஜூலை 21. வேண்டாமென்றால் அதற்குள் உரிமை விடல் கடிதம் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் மூன்று வருஷத்துக்கு அந்தப் பேச்சே எடுக்க முடியாது. பக்கத்து நாற்காலி மணிமொழி டீச்சர், "வீட்ல சொல்லிட்டியா?" என்றாள். "சொல்லணும்" என்றேன்.

எப்படிச் சொல்ல? கேட்டால் "உன் இஷ்டம்" என்பார். கல்யாணமாகி இருபத்து மூன்று வருஷத்தில் "உன் இஷ்டம்" என்று அவர் சொன்ன எதுவும் என் இஷ்டப்படி நடந்ததில்லை. போன வருஷம் எங்கள் கணக்கு டீச்சர் ஓசூருக்குப் போனபோது இவர் சொன்னது, "அவ புருஷன் பாவம், ஓட்டல் சோறு." அது போதும் எனக்கு.

கடிதத்தை எழுதிவிட்டேன். தேதி போடவில்லை. கைப்பையில் இருக்கிறது.

ஜூன் 15, ஞாயிறு

யோசித்தேன். நேராகக் கேட்டால்தானே "உன் இஷ்டம்"? வேறு யாரையாவது விட்டுக் கேட்க வைத்தால்?

தனியாகப் பாய்மரப் படகில் உலகத்தைச் சுற்றிவந்த ஒரு பெண்ணைப் பற்றிய படத்தைத் தேடிப் போட்டேன். கரையில் நின்று அவள் புருஷன் காற்று எந்தத் திசையிலிருந்து வீசும் என்று விளக்கிக்கொண்டிருந்தான். நான் சொன்னேன், "'நீ நிம்மதியா போயிட்டு வா, வூட்ட நான் பார்த்துக்கிறேன்'ங்கறார்."

"அவன் கைய மேல மேல காட்டுறானே?"

"உணர்ச்சிவசப்பட்டா அவங்க அப்படித்தான் காட்டுவாங்க."

"சோறு யாரு ஆக்குறா?"

"அவரேதான். நல்லா ஆக்குவாராம்."

"ம்."

அவ்வளவுதான். இந்த 'ம்'மை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

ஜூன் 22, ஞாயிறு

கடலில் மூச்சடக்கி முங்கிச் சிப்பி எடுக்கும் கிழவிகள். ஏதோ ஒரு தீவு. இன்று கொஞ்சம் அதிகமாகவே போய்விட்டேன். அந்த ஊரில் பெண்டாட்டி பெரிய வேலைக்குப் போனால் புருஷன்மார் ஒன்றுகூடி விருந்து வைப்பார்கள் என்றேன். பெண்டாட்டி வெளியூரில் இருந்தால் அவனுக்கு ஊரில் தனி மரியாதை, கோயிலில் முன்வரிசை என்றேன். திரையில் ஒரு கிழவி மூட்டுவலிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்ல ஊரா இருக்கே" என்றார்.

ஜூன் 24, செவ்வாய்

ஸ்கூல் விட்டு வந்தால் அடுப்பில் ரசம். அவர் வைத்தது. உப்பு இல்லை, புளி இரண்டு பங்கு. என்ன திடீரென்று என்றால் "சும்மா" என்கிறார். முழுவதையும் குடித்தேன்.

ஜூன் 28, சனி

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமென்று கிளம்பி, பாதி வழியில் திரும்பிவிட்டேன். மொழிபெயர்ப்பில் பொய் சொன்னேன் என்று சாமியாரிடம் எப்படிச் சொல்ல?

ஜூன் 29, ஞாயிறு

இன்று படம் அவர் தேர்வு. ரிமோட்டை என் கையில் தரவே இல்லை.

கலங்கரை விளக்கத்தில் தனியாக இருக்கும் ஒரு கிழவர். மனைவி இல்லை. டப்பாவிலிருந்து மீனை எடுத்துத் தின்கிறார். நாயிடம் பேசுகிறார். நாயும் பாதிப் படத்தில் செத்துப்போகிறது.

"என்ன சொல்றார்?"

"தனிமை உடம்புக்கு நல்லதுங்கறார்."

"அழுவுறாரே."

"ஆனந்தக் கண்ணீர்."

என்னைத் திரும்பிப் பார்த்தார். ஆயிரம் படம் இருக்கும்போது எதற்கு இந்தப் படம்? தெரிந்துவிட்டதா? தெரிந்துதான் சொல்கிறாரா - நீ போனால் நான் இப்படித்தான் ஆவேன் என்று?

ஜூலை 3, வியாழன்

தூக்கமே இல்ல. அந்தக் கெழவன் மூஞ்சிதான் கண்ணுக்குள்ள நிக்குது. வாயத் தொறந்து ஒரு வார்த்த சொன்னா என்ன இந்த மனுஷன்? நானாச்சும் கேட்டேனா? அதுவும் இல்ல. ரெண்டும் ரெண்டு கழுத.

எனக்கு அந்த ஹெட்மாஸ்டர் நாற்காலில உக்காரணும். இத இங்கயாவது எழுதிக்கிறேன். உக்காரணும்னு ஆசையா இருக்கு. கூச்சமா இருக்கு சொல்ல, ஆனா இருக்கு.

ஜூலை 8, செவ்வாய்

கடிதத்துக்குத் தேதி போட்டுவிட்டேன். 14, திங்கள். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டியது.

ஜூலை 11, வெள்ளி

மெட்ராஸ் ஐ. பிளஸ் டூ பி பிரிவு அன்பளிப்பு. வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி. யாரும் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை, அதுவும் ஒரு சௌகரியம்தான்.

ஜூலை 13, ஞாயிறு

பூசைக்கும் போகவில்லை. மதியம் சொட்டு மருந்து விட்டுக்கொண்டு கண்ணை மூடிப் படுத்திருந்தேன். இரண்டு மணிக்கு டிவி சத்தம்.

"இன்னைக்கு எதுக்குங்க? என்னால பார்க்க முடியாதே."

"நீ கேளு. நான் சொல்றேன்."

"நீங்களா? இங்கிலீஷா?"

"ஏன், சொல்லக் கூடாதா?"

பென்குயின் படம். காதில் இங்கிலீஷ்காரன் குரல் தெளிவாகக் கேட்கிறது. முட்டையிட்ட பெண் பென்குயின் இரை தேடிக் கடலுக்குப் போகிறது, இரண்டு மாசம் ஆண் பென்குயின் பட்டினி கிடந்து முட்டையைக் காலில் வைத்து அடைகாக்கிறது என்கிறான். அதற்கு மேலே இவர் தமிழ்.

"பொம்பளப் பென்குயினுக்குப் பெரிய வேல கெடச்சிருக்கு. தூரத்துல. ஆனா அது வூட்ல சொல்லல. பையில ஒரு லெட்டர் எழுதி வச்சிக்கிட்டுச் சுத்துது. நாளைத் தேதி வேற போட்டிருக்கு. லூசுப் பென்குயின்."

கண்ணைத் திறந்துவிட்டேன். இங்கிலீஷ்காரன் பனிப்புயலின் வேகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"ஆம்பளப் பென்குயின் என்ன சொல்லுதுன்னா, இருபது வருஷம் லாரிய எடை போட்டவனுக்கு ஒரு முட்டையப் பார்த்துக்கத் தெரியாதாங்குது. ரசம் வைக்கப் பழகிட்டேன், உப்புதான் இன்னும் பிடிபடலங்குது."

"பென்குயின் எங்கங்க லாரிய எடை போட்டுச்சு?"

"உனக்குக் கண்ணு வலி. பேசாம கேளு."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எப்போதிலிருந்து தெரியும் என்றேன். தேனீயிலிருந்தாம். மறுநாள் லாரி வரிசை கட்டி நின்ற நேரத்தில் கூட வேலை பார்க்கிற ராஜவேலுக்குக் காட்டலாமென்று போனில் அதே படத்தைப் போட்டிருக்கிறார். அதில் தமிழ் ஆடியோவே இருக்கிறதாம். தட்டு கழுவுவதைப் பற்றி எந்த இடத்திலும் வரவில்லையாம். அதிலிருந்து ஒவ்வொரு திங்களும் எடைமேடையில் அசல் படம். முதல் நாள் நான் சொன்னதையும் அதையும் வைத்து ராஜவேலும் இவரும் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். கிழவிகள் படத்து விருந்துக் கதையைக் கேட்டு ராஜவேல் ஒரு லாரிக்கு எடையைத் தப்பாகப் போட்டுவிட்டானாம்.

"நீ ஏன் ஊரு விட்டு ஊரு போற பொம்பளையாவே தேடிப் போடுறன்னு யோசிச்சேன். அப்புறம் குடைய எடுக்க உன் பையத் தொறந்தேன். லெட்டர் இருந்துச்சு. நேத்து பார்த்தா தேதியும் இருக்கு."

"அந்தக் கலங்கரை விளக்கம்?"

"அழுவுறவன நீ எப்படிச் சிரிக்க வைக்கிறன்னு பார்க்கத்தான்."

கோபம் வந்துவிட்டது எனக்கு. "அந்த ஒரு படத்தால ரெண்டு வாரமா நான் தூங்கல. போகாதன்னு சொல்றீங்கன்னு நெனச்சு லெட்டருக்குத் தேதி போட்டேன், தெரியுமா உங்களுக்கு?" அழுதேன். மருந்தும் கண்ணீரும் சேர்ந்து கண் எரிந்து, அதற்கும் சேர்த்து அழுதேன். அவர் டிவியை அணைத்துவிட்டுத் தரையில் வந்து உட்கார்ந்தார். "தப்புதான் ரோஸு. அது தப்பு" என்றார்.

"நேரா கேக்குறேன். போகவா?"

'உன் இஷ்டம்' என்று சொன்னால் ரிமோட்டாலேயே அடிப்பதென்று இருந்தேன்.

"போ" என்றார். "எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். சாப்பாட்டுக்கு இல்ல, பேச்சுத் துணைக்கு. ஆனா போ. போவாம இங்க உக்காந்து டிவில ஊராம் புருஷன எல்லாம் பேச வச்சிக்கிட்டு இருக்காத."

ஜூலை 21, திங்கள்

கவுன்சலிங் முடிந்தது. கோத்தகிரி.

ஜூலை 27, ஞாயிறு

பெரம்பலூர் போய்க் கடை கடையாக ஸ்வெட்டர் தேடினோம். வேர்த்து ஒழுகிக்கொண்டு ஸ்வெட்டர் கேட்டவர்களைக் கடைக்காரர்கள் ஒரு மாதிரி பார்த்தார்கள். கைக்குழந்தை அளவுதான் இருந்தது. "ஒரு கைக்கு ஒண்ணு மாட்டிக்கோ" என்றார். நடுக்கடையில் சிரித்துவிட்டேன்.

செப்டம்பர் 14, ஞாயிறு, கோத்தகிரி

மழை. இரண்டு கம்பளி. காலையில் மாதாந்திர அறிக்கை முடித்தேன். என் கையெழுத்துக்குக் கீழே தலைமை ஆசிரியர் என்ற முத்திரையைக் கொஞ்சம் சாய்வாகக் குத்திவிட்டேன்.

இரண்டு மணிக்கு வழக்கம்போல அவர் அரியலூரில், நான் இங்கே. போனை ஸ்பீக்கரில் போட்டு, ஒண்ணு ரெண்டு மூணு சொல்லி ஒரே படத்தை ஒன்றாகத் தட்டுகிறோம். இந்த மலையில் நெட் மெதுவு. அவருக்குப் படம் பத்து நொடி முன்னால் ஓடுகிறது. அதனால் அவர் சிரிப்பு எனக்கு முதலில் வந்துவிடும், சிரிக்க வேண்டிய இடம் பின்னால் வரும். "முன்னாடியே சிரிக்காதீங்க" என்றால் வேண்டுமென்றே இன்னும் சத்தமாகச் சிரிப்பார்.

இன்று ஒரு மீன்பிடி ஊரைப் பற்றிய படம். பாதி வரை ஒரே கேலி. திடீரென்று அவர் பக்கம் சத்தமே இல்லை.

"லைன் போயிடுச்சா?"

"இல்ல. இருக்கேன்."

பத்து நொடி கழித்து எனக்கும் அந்த இடம் வந்தது. ஒரு மீனவன், மனைவி வேலைக்கு நகரத்துக்குப் போயிருக்கிறாள், விடிகாலையில் இரண்டு கோப்பையில் டீ ஊற்றுகிறான். ஊற்றிவிட்டு நின்று பார்க்கிறான். ஒன்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டுகிறான்.

படம் அதன்பாட்டுக்கு ஓடியது.

கொஞ்ச நேரம் கழித்து, "ரோஸு, வெள்ளிக்கிழமை லீவு சொல்லிட்டு வரேன்" என்றார்.

"சனிக்கிழமை எனக்கு ஸ்பெஷல் கிளாஸ் இருக்கேங்க."

"இருக்கட்டும். நீ வர்றதுக்குள்ள சமைச்சு வைக்கிறேன்."

படத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, இரண்டு பேரும் பஸ் நேரம் பார்த்தோம்.